ஏழாவது அடிக்குறிப்பு

சனிக்கிழமை பின்னேரம் துவாரகா சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டு ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் இங்கிலாந்து, மறுபக்கம் பிரான்ஸ், நடுவில் விரலகலத்துக்கு நீலம். பதினோராம் வகுப்பு வரலாற்றுக் கட்டுரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் ஜெர்மன்காரர் பிரிட்டன்மேல் படையெடுத்திருந்தால் வென்றிருப்பார்களா என்பது கேள்வி. நடக்காத ஒன்றைப்பற்றி இரண்டாயிரம் சொல் எழுதச் சொல்கிற ரீச்சருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். மகள் பதிலுக்கு இங்கிலிஷில் ஒரு பெருமூச்சு விட்டாள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு அனுப்ப வேண்டுமாம். நல்லதாக வந்தால் பள்ளியின் இணையத்தளத்திலும் போடுவார்களாம்.

வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் களைத்து வந்த அவளுடைய அப்பா சுகிர்தன், தேத்தண்ணிக் கோப்பையோடு அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். மனுசன் போகவில்லை. என்னத்தில் கடக்கத் திட்டம் போட்டவங்கள் என்று கேட்டார். ஆற்றில் சாமான் ஏற்றுகிற தட்டைப் படகுகளில் என்றாள் மகள். பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இயந்திரம் இல்லை, ஓர் இழுவைப் படகு இரண்டிரண்டாகக் கட்டி இழுக்கும், ஆட்களோடு ஆயிரக்கணக்கில் குதிரைகளும் வரும்.

"குதிரையோ?" என்று கேட்டுவிட்டு அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு ஒரு மணித்தியாலம் அந்த வாய் மூடவில்லை. தட்டை அடி உள்ள படகு பக்க அலைக்கு எப்படிப் புரளும், நீரோட்டம் திசை மாறும்போது கயிற்றில் கட்டின படகு இழுக்கிறவனையே எப்படித் திருப்பிப் போடும், இரவு முழுக்கக் குடல் புரளச் சத்தியெடுத்துக்கொண்டு போய் இறங்குகிறவன் துவக்கைத் தூக்க எவ்வளவு நேரமாகும், எல்லாம் சொன்னார். வகுப்பில் எல்லாரும் விமானப்படையைப்பற்றித்தான் எழுதுகிறார்கள், ஆகாயத்தில் வென்றிருந்தால் கடலையும் கடந்திருப்பார்கள் என்பதுதான் வாதம் என்றாள் மகள்.

"ஆகாயத்தில வெல்லட்டும் பிள்ளை. தண்ணிக்கு அது தெரியுமோ? நாங்கள் வரேக்க மேல ஒருத்தனும் இல்லை, சுட ஒருத்தனும் இல்லை. அப்பிடியும் பதின்மூண்டு நாள் சுக்கானை விட்டிட்டு நான் கண் மூடேல்லை."

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் அகதி விசா ஃபைலில் இந்த மனுசன் கல் வைத்துக் கட்டுகிற ஒரு மேசன். கடலைக் கரையில் நின்று மட்டும் பார்த்தவர், நீந்தத் தெரியாதவர். முதல் விசாரணையில் அப்படித்தான் சொன்னார். கூட வந்த அறுபது பேரும் அதையே சொன்னோம். உண்மை என்னவென்றால், மூன்றாம் நாள் எங்கள் படகோட்டி வேறொரு படகில் ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஓட்டி வந்தவர், பருத்தித்துறையில் பதினைந்து வயதிலேயே கடலுக்குப் போகத் தொடங்கிய என் புருஷன். ஓட்டினவனைப் பயணியாகப் பார்க்கமாட்டார்கள், ஆள் கடத்தினவன் என்று பிரித்து வைத்து வழக்குப் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். இந்த நாட்டுக் கரை தெரிந்ததும், இவர் ஓட்டினதை ஆரிடமும் சொல்வதில்லை என்று எல்லாரும் பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணினோம். துவாரகாவுக்கு அப்போது மூன்று வயது. என் மடியில் கிடந்தாள்.

அந்தப் பொய்யோடு பதின்மூன்று வருஷம். ஒரு தடவை கோயிலில் பழகிய வரதராஜா அங்கிள், மேசன்தானே என்று தன் வீட்டு முன்மதிலைக் கட்டித் தரக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொன்னால் சந்தேகம் வரும் என்று இவரும் போய்க் கட்டினார். அந்த மதில் இன்றைக்கும் ட்ருகனினாவில் வளைந்து நிற்கிறது. அங்கிள் பாவம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டு, இப்போது கடைசி மனு போட்டிருக்கிறோம். பதில் எந்த நாளும் வரலாம். ஃபைலில் இருப்பதற்கு மாறாக ஒரு சொல் எங்காவது வந்தால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பில்தான் நான் படுக்கிறதும் எழும்புகிறதும்.

ஞாயிறு காலை துவாரகா சிரித்துக்கொண்டே கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். எனக்கு இங்கிலிஷ் மெதுவாகத்தான் ஓடும். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏழாவது அடிக்குறிப்பு. அப்பாவின் முழுப்பெயர், படகு, வருஷம், நாட்கணக்கு, ஆட்கணக்கு. ஒன்றையும் விடவில்லை. நேரில் கேட்டு எழுதினால் ரீச்சர் கூடப் புள்ளி போடுவாராம். நல்லது அம்மா என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே அயர்ன் பண்ணி வைத்த வேலைச் சட்டையை எடுத்து இரண்டாம் தரமும் அயர்ன் பண்ணினேன். கடைசியில் சட்டையை அப்படியே வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய் அவரிடம் சொன்னேன். இன்றைக்கே அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கோ என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வாயில் வந்த எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை யூனிவர்சிற்றிக்குப் போகிறதா இல்லையா என்று கேட்டேன். உங்களைக் கொண்டுபோய்க் கம்பிக்குப் பின்னால் வைத்தால் நான் ஆரிடம் போய் நிற்கிறது என்று கேட்டேன்.

"நான் கட்டின மதிலைப் பாத்தனீர்தானே, கௌரி. அந்த மேசனோட நான் இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது?"

அதற்கும் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள், மலையடியில் த பேசின் என்ற ஊரில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள், அன்றைக்கும் வெளிக்கிட்டோம். நகரத்தின் மேற்கு நுனியிலிருந்து கிழக்கு நுனிக்கு ஒன்றேகால் மணித்தியாலம் கார் ஓட வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் ஆருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், வெஸ்ட்கேட் பாலம் தாண்டியதும் பின்னுக்குத் திரும்பி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேசன், சத்தியம், விசாரணை, கடைசி மனு. அவர் லேன் மாறாமல் ஒரே லொறிக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

துவாரகா இங்கிலிஷில்தான் ஏதோ வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தமிழில் கேட்டாள்.

"அப்ப, ஃபைல்ல நான் ஆரின்ட மகள்?"

பொய் சொன்னது இவளுக்காகத்தான் என்று எத்தனையோ தரம் எனக்கே சொல்லி வைத்திருந்தேன். மிச்ச வழி முழுக்க ஜிபிஎஸ் பெண் மட்டும்தான் பேசினாள்.

கோயில் கார்ப்பார்க்கில் ஓர் ஓரமாக நிறுத்தினார். இன்ஜின் நின்றும் ஆரும் இறங்கவில்லை. பூஜைக்கு நேரமாகிறது என்று சொல்லி அர்ச்சனைத் தட்டை எடுத்தேன், எடுத்துவிட்டு மடியிலேயே வைத்திருந்தேன். துவாரகா ஃபோனைத் திறந்தாள். கட்டுரை அதில்தான் இருந்தது. ஒரு அமத்து அமத்தினால் அந்த அடிக்குறிப்பு அழிந்துவிடும் என்றாள். குரல் வேறு ஆருடையதோ மாதிரி இருந்தது.

"பொறு" என்றார் சுகிர்தன். "அழிக்க முதல் ஒருக்கா வாசி. தமிழில சொல்லு."

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இங்கிலிஷைப் பார்த்துப் பார்த்து, சொல் சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"இது எனக்கு என்ட அப்பா சொன்னது. அவர் ஒரு மீனவர். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில, பழுதாய்ப்போன ஒரு மீன்பிடி போட்டில, அறுபது பேரை ஏத்திக்கொண்டு, பதின்மூண்டு நாள் அவர் தனிய ஓட்டினவர். அதில நானும் இருந்தனான். ஒருத்தரும் சாகேல்லை."

அவரை மேசனாகவே நினைத்துப் பழகிவிட்டேன் போலிருக்கிறது. அந்த அறுபதில் நானும் ஒருத்தி என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பதின்மூன்று வருஷத்தில் நானாவது ஒரு நாள் அந்த மனுசனிடம், எங்களைக் கரை சேர்த்தது நீங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம்.

துவாரகாவின் விரல் ஃபோனுக்கு மேலே நின்றது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அழி என்று சொல்ல எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். வெளியே யாரோ தேங்காய் உடைத்தார்கள். சுகிர்தன் கண்ணாடிக்கு நேரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுபோன காரின் ஸ்டியரிங்கை அவருடைய இரண்டு கைகளும் இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று பார்த்துப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தன.