களி போட்டு ஒட்டிய கிம்பாப்

மாதப்பன் பட்டாளத்திலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி, இரண்டு கம்பளி, ஆட்டுப் படம் போட்ட இறைச்சி டின் ஒன்று, ஜப்பான் பத்திரிகைத் தாளில் சுற்றிய கறுப்புக் கடல்பாசித் தகடு ஐந்து, அப்புறம் ஒரு பொய். பெட்டியும் கம்பளியும் மொரப்பூர் ரயிலடியில் இறங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பே பொய் தபாலில் வந்து சேர்ந்து, ஊரில் நல்ல பேர் எடுத்து வைத்திருந்தது.

அவன் கடிதத்தில் எழுதியது இதுதான்: யுத்தம் முடிந்து பட்டாளம் தங்கியிருக்கும் ஜப்பானில் ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸுக்குத் தான் தலைமைச் சமையல்காரன், தான் சமைத்தால்தான் கர்னல் துரை சாப்பிடுவார். மனைவி தீர்த்தம்மாளுக்கு எழுத்து தெரியாது. தபால்காரர் கிணற்றடியில் நின்று எல்லாக் கடிதத்தையும் உரக்க வாசிப்பார். ஆகவே பொய் அவளுக்கு மட்டும் சொன்னதாக இல்லாமல், தண்ணீர் சேந்த வந்த பதினைந்து வீட்டுக்கும் சொன்னதாகிவிட்டது.

உண்மையில் மாதப்பன் அந்த மெஸ்ஸின் பின்கட்டில் ஒன்றரை வருடம் வெங்காயம் உரித்தான். ஒரே ஒரு நாள் பருப்பைக் கிண்டச் சொல்லிக் கரண்டியைக் கொடுத்தார்கள். பருப்பு அடிப்பிடித்தது. கரண்டியை வாங்கிக்கொண்டு கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கர்னல் துரையை அவன் பார்த்ததே மூன்று முறை. மூன்று முறையும் முதுகை.

ஊருக்குத் திரும்பிய மாதமே தீர்த்தம்மாளின் அண்ணன், மச்சான் காளியப்பன் நல்லம்பள்ளியிலிருந்து வந்து ஒரு நல்ல சேதி சொன்னார். அரூரில் துரைமார் தங்கும் பங்களாவுக்குச் சமையல்காரன் தேவையாம். மாப்பிள்ளையின் கடிதங்களை எல்லாம் எடுத்துச் சொல்லி, வேலையைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டாராம். மாதப்பனுக்கு அந்த நிமிடமே முழங்கால் வலித்தது. அடுத்த மாதம் நாள் சரியில்லை. அதற்கடுத்த மாதம், ஜப்பான் அடுப்பில் சமைத்துப் பழகியவனுக்கு விறகடுப்பில் கை வராது என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. பொய்க்குக் கஞ்சி ஊற்றி வளர்ப்பதிலேயே அவன் நாள் போயிற்று.

தீர்த்தம்மாள் முதலில் சண்டை போட்டாள். பிறகு சண்டையை நிறுத்திவிட்டாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது. ஒரு நாள் நான்கு புடவையை மூட்டையாகக் கட்டி ஆணியில் மாட்டினாள். வியாழக்கிழமை அண்ணன் வருகிறார், சாயங்காலம் அடுப்புக்கரியில் ஓடுகிற கரி பஸ்ஸில் அவரோடு போகிறேன் என்றாள்.

"அந்தக் கடுதாசியில எது நெசம் எது பொய்யின்னு எனக்குத் தெரியலைங்க. கல்யாணமாகி நாலு வருசமாச்சு, நான் யாரு கூடக் குடித்தனம் பண்றேன்னே தெரியல. அது தெரிஞ்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

அவன் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மாதப்பனோ சமைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தான். உலகத்தில் அவனுக்குச் செய்யத் தெரிந்த பதார்த்தம் ஒன்றே ஒன்று இருந்தது.

மெஸ்ஸின் பின்கட்டில் அவனோடு விறகு பிளந்தவன் பாக் என்கிற கொரியாக்காரன். ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது. பாக் தன் நாட்டுக்குக் கப்பலேறுவதற்கு முந்தின நாள், மாதப்பன் தன் பங்குக்குக் கிடைத்த இறைச்சி டின் இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பாக் அதை வறுத்து, சோற்றோடு சேர்த்துக் கடல்பாசித் தகட்டில் வைத்து, மூங்கில் தட்டியால் உருட்டி, வட்டம் வட்டமாக நறுக்கி, முதல் துண்டை அவன் கையில் வைத்தான். ஊரை விட்டு வந்த பிறகு தனக்கென்று ஒருவர் நறுக்கி வைத்த சாப்பாடு அதுதான். இரண்டாவதை அவனையே உருட்டச் சைகை காட்டினான். கிம்பாப் என்றான். பிறகு மிச்சத் தகடுகளையும் கொடுத்துவிட்டுப் போனான். அதைப்பற்றி மட்டும் மாதப்பன் கடிதத்தில் ஒரு வரி எழுதவில்லை. அதில் கர்னல் துரை இல்லையே.

வியாழக்கிழமை காலையிலேயே அடுப்படியைப் பிடித்துக்கொண்டான். தீர்த்தம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். உதவிக்கு வரவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

டின்னைத் திறக்கும் சாவி காணவில்லை. அரிவாளால் கொத்தித் திறந்து, கறியை வறுத்து வைத்தான். நெல்லுச் சோறு பண்டிகைக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் ஆக்குகிற வீடு, இருந்தது சாமை. சாமைச் சோற்றை வடித்து, தகட்டில் பரப்பி உருட்டினால், பங்காளிச் சண்டை போல் ஒரு பருக்கை இன்னொன்றோடு ஒட்ட மறுத்தது. இரண்டு தகடு கிழிந்து வீணாயிற்று. மூன்றாவதற்குப் போகும்முன், காலையில் தீர்த்தம்மாள் கிண்டி வைத்த கேழ்வரகுக் களி கண்ணில் பட்டது. ஒரு அகப்பைக் களியைச் சாமையில் போட்டுப் பிசைந்தான். அருமையாக ஒட்டியது. நிறம்தான் களிமண் நிறமாகிவிட்டது.

உருட்டுவதற்கு மூங்கில் தட்டி வேண்டும். வீடு முழுக்கத் தேடினான். கடைசியில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை விரித்து, அதன் ஓரத்தில் ஒரு முழம் வெட்டி எடுத்தான். படுக்கிற பாய். தன் பக்கத்தில்தான் வெட்டினான். அவ்வளவு விவரம் அந்த நேரத்திலும் அவனுக்கு இருந்தது.

"பாயும் போச்சா?" என்றாள் தீர்த்தம்மாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை.

மத்தியானம் காளியப்பன் வந்தார். ஆள் பெரிய உருவம், சாப்பாட்டில் அவசரம். கால் கழுவி வந்து உட்கார்ந்தவர், கறி என்ன கறி என்று கேட்டார். கேட்பார் என்று தெரிந்துதான் மாதப்பன் காலி டின்னை ஆட்டுப் படம் தெரியும்படி இலைக்கு எதிரே வைத்திருந்தான். காளியப்பன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இது ஆடுங்களா, கரடிங்களா?"

குளிர் தேசத்து ஆடு, உடம்பெல்லாம் மயிர் என்று விளக்கினான். காளியப்பன் அரை மனதாக ஒப்புக்கொண்டார். மாதப்பன் உருட்டி வைத்ததை நறுக்கி, இலையில் எட்டுத் துண்டு வைத்தான். இது துரைமாருக்குச் செய்து கொடுத்தது என்று சொல்ல வாயெடுத்தான். தீர்த்தம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டான்.

காளியப்பன் ஒரு துண்டை எடுத்தார். கேழ்வரகு வாசம் அடித்தது. விரலுக்குக் களி போலவே பட்டது. இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: களியை மெல்லக் கூடாது. உருட்டு, குழம்பில் தோய், வாயில் போடு, விழுங்கு. அவர் பக்கத்திலிருந்த புளிக்குழம்பில் அதைத் தோய்த்து, அண்ணாந்து வாயில் போட்டு, விழுங்கினார்.

களி வழுக்கிக்கொண்டு போகும். கடல்பாசி ஈரம் பட்டதும் தொண்டையை அட்டைப்பூச்சி போலப் பிடித்துக்கொள்ளும். காளியப்பனின் கண் இரண்டும் வெளியே வந்தன. முகம் சிவந்து, பிறகு கறுத்தது. கை டின்னைத் தட்டிவிட்டது. தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

மாதப்பன் ஒரே தாவாகத் தாவினான். யோசிக்க ஒன்றுமில்லை, கை தானாகத் தெரிந்து வைத்திருந்தது. மச்சானைக் குனிய வைத்து, இரண்டு தோளுக்கும் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அறைந்தான். நாலாவது அறையில் துண்டு முழுசாக வெளியே வந்து விழுந்தது. தீர்த்தம்மாள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

மூச்சு வந்ததும் காளியப்பன் கேட்டது நியாயமான கேள்வி. "மென்னு திங்கணும்னு முன்னாடியே சொல்றதுக்கென்னங்க மாப்ள? எங்க கத்துக்கிட்டீங்க இந்த அடி?"

"வாங்கிக் கத்துக்கிட்டதுங்க மச்சான்" என்றான் மாதப்பன். "நானும் மொதத் துண்ட களின்னு நெனச்சு முழுங்கிட்டேன். பாக்குன்னு ஒரு கொரியாக்காரன்தான் முதுகுல அறைஞ்சு காப்பாத்துனான். அவன் வெறகு பொளந்தான். நான் வெங்காயம் உரிச்சேன். சமையக்காரன் வேற ஆளுங்க. கர்னல் துரைக்கு நான் யாருன்னே தெரியாது."

ஒருவேளை மச்சான் செத்துப் போவார் என்று பயந்த பயத்தில் பொய்யும் கூடவே வெளியே வந்து விழுந்துவிட்டது போலிருக்கிறது.

காளியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பங்களாக்காரர்களிடம் இனி என்ன முகத்தோடு போவது என்று முனகினார். தீர்த்தம்மாள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"வந்த அன்னைக்கே தெரியும்" என்றாள். "ஒரு கூடை வெங்காயத்த கண்ணுல தண்ணி வராம உரிச்சீங்க. மறுநாள் களி கிண்டுனீங்க, கட்டி கட்டியா. தெரியாதவ மாதிரி இருந்து, நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மாதப்பனுக்கு உட்கார இடம் தெரியவில்லை. மூன்று மாதம் முழங்கால் வலியைச் சுமந்தது வீண். அவளோ இன்னும் முடிக்கவில்லை. கிணற்றடியில் வாசித்த பொய்யைக் கிணற்றடியில்தான் திருப்பி எடுக்க வேண்டும், இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். ஆணியில் மூட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவன் போனான். ஜப்பானுக்குப் போகும்முன் பர்மாச் சண்டையில் குண்டு விழுந்தபோதுகூடக் கால் அவ்வளவு கனக்கவில்லை. கிணற்றடியில் ஆறேழு பெண்கள். குடத்தை எல்லோரும் இறக்கி வைக்கும்வரை காத்திருந்து, தொண்டையைச் சரிசெய்து, நான் பட்டாளத்தில் வெங்காயம் மட்டும்தான் உரித்தேன், கடிதத்தில் எழுதியது பொய் என்று சொன்னான். ராணியம்மாள் என்கிற கிழக்குத் தெருக்காரி, எவ்வளவு பெரிய வேலை பார்த்துவிட்டு வந்தும் தலைக்கனம் இல்லாத மனுசன் என்று கண் கலங்கினாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல அவன் மரியாதை ஏறிக்கொண்டே போயிற்று.

திரும்பி வந்தபோது தீர்த்தம்மாள் இலையில் மிச்சமிருந்த ஒரு துண்டை வாயில் வைத்து, மாடு அசை போடுவதுபோல நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். ஒருத்தரும் நம்பல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. சாமைப் பருக்கை மூக்கில் ஏற, இருமலும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்துவிட்டாள். காளியப்பன் பயந்துபோய் முதுகில் அறையக் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

சாலைப் பக்கம் கரி பஸ் ஊதியது. காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு, ஆணியிலிருந்த மூட்டையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"நீ போண்ணா" என்றாள் அவள். "இந்த மனுசன் பாய வேற வெட்டி வெச்சிருக்காரு. அத யாரு தெக்கிறது?"