முப்பத்தேழு ஆண் பப்பாசிகள்

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், செட்டிகுளத்தில் நேசமலரின் காணியில் நின்ற முப்பத்தேழு ஆண் பப்பாசி மரங்களும் பெண்ணாகின. அன்று மழை இல்லை. வவுனியா பஸ் வழக்கம்போல அரை மணித்தியாலம் பிந்தியது.

நாற்பது குழிகளில் நட்டதில் முப்பத்தேழு ஆணாகிப்போனது யாருடைய குற்றமும் இல்லை. பூக்கும்வரை, தான் ஆணா பெண்ணா என்று பப்பாசி வாய் திறக்காது. பூத்தபோது, நீளக் காம்புகளில் தொங்கிய பூக்கள் சங்கதியைப் போட்டு உடைத்துவிட்டன. போதாக்குறைக்குச் சிற்றுண்ணியும் வந்தது. ஊசிமுனையிலும் சிறிய அந்தச் செம்பூச்சிகள் சாற்றைக் குடித்து இலைகளைப் பழுப்பாக்கின. நேசமலரின் கணவர் ராசுவுக்கு வெறுத்துப்போயிற்று. அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு அவர் வைத்த வாழையை யானை தின்றது, மிளகாயை வெள்ளம் கொண்டுபோனது. "இந்த மண்ணிலை இனிக் கை வைக்கமாட்டன். இதுகளை வெட்டிப்போட்டுக் கொழும்புக்குப் போவம்" என்றார். நேசமலருக்கோ உயிரே அந்தக் காணிதான். நாலு தரம் இடம்பெயர்ந்தவள். ஐந்தாம் தரம் மூட்டை கட்ட அவளிடம் மனம் மிச்சமில்லை.

காய்க்காத மரத்தை வெருட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். ஒருவர் கோடாலியோடு வெட்டப்போவதாக நடிக்க, மற்றவர் மரத்துக்காக மன்றாடுவார். மரம் பயந்து காய்த்துவிடும். அவள் கெஞ்சியதில் ராசு ஒரேயொரு தரம் வரச் சம்மதித்தார். ஆனால் அந்த மனிதருக்கு நடிக்கத் தெரியாது. "செவ்வாய்க்கிழமை வரைதான் தவணை. பிறகு வேரோடை பிடுங்குவன்" என்று மெய்யாகவே கோடாலியை ஓங்கினார். "விடுங்கோ, அதுகள் காய்க்கும்" என்ற நேசமலரின் அழுகையும் மெய்யாகவே வந்தது.

மரங்கள் அசையவில்லை. பயந்துபோனவை, சிற்றுண்ணிகளின் உடம்புக்குள் குடியிருந்த பற்றீரியாக் கிருமிகள். மரம் போனால் உண்ணி போகும், உண்ணி போனால் தங்கள் வீடே போகும் என்று அவற்றுக்கு விளங்கியது. கண் இல்லாத, வாய் இல்லாத அந்த உயிர்களுக்குத் தெரிந்தது ஒரே தொழில்: ஆணைப் பெண்ணாக்குவது. தாய் உண்ணி இடும் முட்டைக்குள் இருந்துதான் அவை அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டும் என்பதால், ஆணாகப் பிறக்க இருந்த உண்ணிகளையெல்லாம் எத்தனையோ காலமாகப் பெண்ணாக்கி வந்திருந்தன. அந்தக் கைவரிசையை இப்போது மரத்திலும் காட்டின. குடியிருக்க வந்த இடத்தில் வீட்டையே திருத்திக் கட்டுகிற அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று புகழ்வது! எட்டு மணிக்கு ராசு கோடாலியோடு வந்தபோது, ஒவ்வொரு மரத்தின் கழுத்தைச் சுற்றியும் காய் நெருங்கித் தொங்கியது. வேலி புகுந்து வந்த அயல்வீட்டுச் சேவல் ஒரு முட்டையும் இட்டிருந்தது.

கிளிநொச்சியில் விவசாயம் படிப்பிக்கிற பிரியந்தினி வந்து, இலைகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். "ஒரு ஆண் உண்ணிகூட இல்லை, அக்கா. முழு நிர்வாகமும் உள்ளுக்கை இருக்கிற பற்றீரியாதான்" என்றாள். "மருந்தடிச்சால் உண்ணி சாகும், இலை பச்சையாகும். ஆனால் மரங்கள் திரும்ப ஆணாகிப் போடும்." பெண்கள் இருவரும் ராசுவைப் பார்த்தார்கள். அவர் ஒரு பழுப்பு இலையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இருந்திட்டுப் போகட்டும்" என்று சொல்லி மருந்துத் தாங்கியைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் வைத்தார்.

இலைகள் இன்றைக்கும் பழுப்புத்தான், பழங்கள் இன்றைக்கும் தேன்தான். பற்றீரியாக்கள் அசண்டையாக இருந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு வைகாசியும் வெருட்டு நடக்கிறது. இப்போது கோடாலியைத் தூக்குவது நேசமலர். "இதுகளை வெட்டிப்போட்டுக் கொழும்புக்குப் போவம்" என்று அவள் உரத்துச் சொல்ல, ராசு ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். "விடும் நேசம், நாங்கள் ஒரு இடமும் போகமாட்டம்" என்று கண்கலங்கி மன்றாடுகிறார். அவருக்கு இன்றைக்கும் நடிக்கத் தெரியாது.