கஞ்சாவுக்காகப் பேசிய என் மனுசன்

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் ஒரு யூடியூப் பொடியன் மைக்கை நீட்டி, கஞ்சாவைச் சட்டமாக்கி அரசாங்கமே கட்டுப்பாட்டோடு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் "வேண்டாம், பிள்ளையள் கெட்டுப்போகும்" என்றுவிட்டுப் பஸ் ஏறினார்கள். என் மனுசன் சதீஸ் மட்டும் நின்று பேசினார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் வாய் திறக்காத மனுசன்!

"என்ர மனுசி சாரங்கா கான்சர் வந்து கிடந்தவா. ஒரு வாய் சோறும் இறங்கேல்லை. ஆட்டெலும்பு ரசத்துக்க நான்தான் ரெண்டு இலை போட்டுக் காய்ச்சிக் குடுத்தனான். அண்டைக்குத்தான் கோப்பை காலியானது. பொலிஸ் பிடிச்சிருந்தா நான் கள்ளன். கடையில விக்க வேண்டாம், டொக்டர் எழுதித் தாற மருந்தா வரட்டும்."

வீடியோவைப் பார்த்து ஊரே இரண்டுபட்டது. பாதிப்பேர் பாவம் என்றார்கள், மீதிப்பேர் இவனே கஞ்சாக்காரன் என்றார்கள். எனக்குச் சட்டம் எக்கேடு கெட்டால் என்ன? 'என்ர மனுசி' என்றாரே! சாரங்கா செத்தபிறகு வந்து ஏழு வருடமாகச் சோறு போடுகிற நான் யார்? அதுவும் 'நான்தான் காய்ச்சினது' என்று பெருமை வேறு. நான் டெங்கு வந்து கிடந்தபோது ஒரு பிளேன்ரீ ஊற்றித் தந்ததில்லை. பக்கத்து வீட்டு இராசமலரக்காதான் கஞ்சி கொண்டுவந்தார். செத்தவள்மேல் பொறாமைப்படுகிறவள் பைத்தியக்காரி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்திலும் இதே கதைதான். எதிர்ப்பவர்கள் கையைத் தூக்குங்கோ என்று தலைவி சொல்லி முடிக்குமுன் என் கை மேலே நின்றது.

"உன்ர மனுசன் வேணுமெண்டெல்லோ சொன்னவர்?" என்று இராசமலரக்கா கிள்ளினார்.

"அது அவற்ற கருத்து. மருந்தாயும் வேண்டாம், ஒண்டாயும் வேண்டாம்!"

அவர் காதுக்குப் போகட்டும் என்றுதான் கத்தினேன். கோபித்துக்கொண்டு ஒரு சண்டையாவது என்னோடு பிடிக்கட்டும்.

போய்ச் சேர்ந்தது. பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றார்.

"கூட்டத்தில வேண்டாமெண்டு சொன்னனியாம்?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

"அவாவும் உப்பிடித்தான் பிரேமிளா. வேண்டாம் வேண்டாமெண்டு கடைசிவரைக்கும் என்னோட சண்டை. என்ர முகத்துக்காகத்தான் குடிச்சவா."

கதிரையை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். முதல்முறையாக என்னோடு நிறையப் பேசினார். அத்தனையும் அவளைப் பற்றி. கறி அடிப்பிடித்து மணந்தது. சட்டியை இறக்கினால் எழும்பிப் போய்விடுவாரோ என்று பயந்து, கிண்டிக்கொண்டே நின்றேன்.