புகையடித்த தண்ணீர்

குடத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியை வெற்றிவேல் அவிழ்த்தபோது பொன்னாயி அவர் முகத்தையே பார்த்தாள். உள்ளே இருந்தது சுனைத் தண்ணீர்தான். ஆனால் விடியுமுன்னே அவள் அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்க விட்டு, ஆற வைத்து, யார் கண்ணிலும் படாமல் ஊற்றிக்கொண்டு வந்த தண்ணீர்.

புதுச் சாமை அறுத்ததும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். முறை எந்த வீட்டுக்கோ அந்த வீட்டு ஆண்பிள்ளை சுனைத் தண்ணீரைக் கை நிறைய ஏந்திக் குடித்த பிறகுதான் கூழைக் கரைப்பார்கள். இந்த வருஷம் அவள் புருஷன் கரியனின் முறை. அந்தச் சுனையில் முதலில் வாய் வைப்பது ஆடுமாடு, அப்புறம்தான் அம்மன். ஆனால் வேண்டாமென்றால் ஏன் என்பார்கள்.

கரியனுக்கு எச்.ஐ.வி. இருப்பது மலையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆடியில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. பிழைத்ததே பெரிய காரியம். நர்ஸ் நூர்ஜகான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"எதிர்ப்பு சக்தி ரொம்ப கம்மிம்மா. நமக்கு ரெண்டு தரம் வயித்தால போயி சரியாப் போற கிருமி, இவருக்கு ரத்தத்துல ஏறிடும். இந்த வெள்ள மாத்திரைய ஒரு நாளும் வுடக் கூடாது. ஒடம்பு தேறுற வரிக்கும் காய்ச்சின தண்ணிதான், சொல்லிட்டேன்."

வெற்றிவேல் கரியனின் அண்ணன். கோயில் காரியமெல்லாம் அவர் கையில்தான். குடத்தருகே குனிந்தவர் மூக்கைச் சுளித்தார். அங்கேதான் பொன்னாயி கோட்டை விட்டாள். விறகடுப்பில் மூடாமல் காய்ச்சினால் தண்ணீரில் புகை ஏறிவிடும். பிறந்ததிலிருந்து அந்தச் சுனையைக் குடித்தவருக்குத் தெரியாமல் போகுமா?

"இன்னா பொன்னாயி, தண்ணி புகையடிக்குது?"

"அடுப்பாண்ட வச்சிருந்தேன் மாமா."

"சாமி கொடத்த எவளாவது அடுப்பாண்ட வைப்பாளா?" அவர் குடத்தைக் கவிழ்த்தார். "டேய் கரியா, நீயே போயி மொண்டுக்கினு வா."

கரியன் அவளைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் இப்படித்தான், விட்டுவிடு என்பதுபோலப் பார்த்தான். ஊருக்குத் தெரிவதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிற மனுஷன். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் செத்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

மொண்டு வந்தான். வெற்றிவேல் குடத்தைச் சாய்க்க, கரியனின் ஏந்திய கைகளில் தண்ணீர் நிறைந்தது. மேளம் நின்றது. அவன் கைகளை வாயருகே கொண்டுபோனான்.

"குடிக்காத!"

அத்தனை தலையும் திரும்பியது. உண்மையைச் சொல்ல முடியாது.

"நான் தூரம் மாமா. காலையிலயே ஆயிட்டேன், மறச்சிட்டேன். கொடத்தத் தொட்டது நாந்தான்."

அதற்கு இன்னும் நாள் கிடந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு விலகினார்கள். அவர்களில் ஒருத்தி, கொளஞ்சியம்மாள், காறித் துப்பினாள்.

"தீட்டோட வந்து அம்மா எதிர்ல நின்னியா?" வெற்றிவேல் குடத்தைத் தள்ளி வைத்தார். "இந்த வூட்டு முறை போச்சி. இனிமே இவுங்க சுனைப் பக்கமே வரக் கூடாது."

பொன்னாயி தலை நிமிரவில்லை. இனிக் கீழே ஓடைத் தண்ணீர்தான். சுனையைவிட மோசம். அதையும் காய்ச்ச வேண்டும், மூடி போட்டு.

கரியன் இன்னும் கைகளை ஏந்தியபடியே நின்றிருந்தான். பிறகு விரல்கள் மெல்ல விலகின. தண்ணீர் அவன் பாதத்தில் விழுந்து, அவள் நின்ற பக்கமாக ஓடி வந்தது.