நாடாத் தடம்

காலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் கீழப்பழுவூரில் நின்றது. பெரம்பலூர்க் கம்பெனியில் வெயில் ஏறுவதற்குள் செங்கமலம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் ஓடும்போது போடும் இறுக்கமான கால்சட்டை. அதன் இடுப்பில் எலாஸ்டிக் பிடிப்பது அவள் வேலை. இழுத்த இழுப்பு விடாமல் தைக்க வேண்டும். கட்டைவிரல் மரத்துப்போகும். துணித்தூசி தொண்டையில் கரிக்கும்.

அன்று சுவரில் புதிய பேனர் தொங்கியது. அவர்கள் தைக்கும் கால்சட்டையின் விளம்பரம். வலப்பக்கம் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். வயிறு பலகை போல் இருந்தது. இடப்பக்கம் தலையில்லாத வயிறு ஒன்று, கால்சட்டைக்கு மேல் பிதுங்கி. கீழே 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று எழுதியிருந்தது.

"யாரு வயிறுடி இது? நெல்லு மூட்டையாட்டம்," என்றாள் தனம். வரிசை முழுக்கச் சிரித்தது.

செங்கமலம் சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

பக்கத்து மெஷின் வெற்றிச்செல்வி பேனரை மறுபடி பார்த்தாள். அந்த வயிற்றைச் சுற்றி ஒரு கறுத்த பள்ளம். பாவாடை நாடா இறுக்கிய தடம்.

"யக்கா, இது நீயா?"

"சத்தம் போடாத. நேத்து எம் மவ செல்லுல வந்துச்சு. நான்னு தெரியாம எங்கிட்டயே காட்டிச் சிரிச்சா."

கம்பெனியில் துணி மாட்டிப் பார்க்கும் பொம்மைக்கு ஒல்லி இடுப்பு. அதனால் பெரிய சைஸ் ஆர்டர் வண்டியேறுமுன் வரிசையிலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். அளவு பார்க்கப் படம் எடுத்து, துணி வாங்குகிறவர்களுக்கு அனுப்புவார்கள். எப்போதும் செங்கமலம்தான் போவாள்.

அவர்கள் பேசியது தனத்துக்குக் கேட்டுவிட்டது. அவள் கை தன் இடுப்பைத் தொட்டது. அங்கும் அதே பள்ளம்.

டீ நேரத்தில் செங்கமலத்திடம் வந்து நின்றாள்.

"வாயில வந்தத சொல்லிட்டேன்க்கா. செருப்பால அடி."

"அடிச்சா படம் எறங்குமா?"

"எறக்க வைக்கலாம்," என்றாள் வெற்றிச்செல்வி. "நம்மள்ல ஒருத்தியும் போட்டுக் காட்டலன்னா லாரி கெளம்புமா?"

மத்தியானம் மேனேஜர் அமிர்தலிங்கம் வந்தார்.

"செங்கமலம், எந்திரி. சாம்பிள் ரெடி."

அவள் எழவில்லை. "அந்தப் படத்த எறக்குங்க சார். செல்லுல வர்றதையும் நிறுத்தச் சொல்லுங்க."

அவர் பேனரைப் பார்த்தார். சிரித்தார்.

"அதுல மூஞ்சி இருக்கா? நீயா சொன்னாத்தான் நீன்னு தெரியும். அசிங்கம் யாருக்கு?"

செங்கமலம் தலை குனிந்தாள். காலடியில் வெட்டிப்போட்ட எலாஸ்டிக் துண்டுகள் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, தனம், நீ வா. ஒனக்கும் அதே சைஸுதான்."

தனம் மெஷினை அணைத்தாள். எழவில்லை. அடுத்த மெஷினும் அணைந்தது. அதற்கடுத்ததும். கடைசியில் மின்விசிறிகள் மட்டும் கேட்டன.

"சாயந்தரம் லோடு போவணும். போவலன்னா எல்லாரும் வூட்டுக்குத்தான் போவணும். தெரியுமில்ல?"

யாரும் மெஷினைத் தொடவில்லை.

செங்கமலம் எழுந்தாள். தலையை நிமிர்த்த அவளால் இன்னும் முடியவில்லை.

"அது என் வயிறுதான் சார். அளவுக்குன்னு சொல்லித்தான எடுத்தீங்க? யாரக் கேட்டு ஊருக்குக் காட்டுனீங்க?"