க்ளாரிஸ் முதலில் வருவாள்

"திரும்ப அதே மருந்தைத்தானே போட்ட? கிருமி சிரிச்சிருக்கும்."

"போன தடவை கேட்டுச்சு, லோர்னா."

"கேட்ட மாதிரி நடிச்சுது."

1

இந்தச் சண்டையிலிருந்துதான் கதை பிறந்தது. விஸ்கான்சினில், பால் பண்ணைகளுக்கு நடுவே ஒரு கால்நடை மருத்துவமனை. பால் மாதிரிகளைத் தட்டில் தடவிக் கிருமி வளர்ப்பது அங்கே என் வேலை. தட்டின் மேல் மருந்து தோய்த்த சிறு வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வெறும் வளையம் ஒன்று தெரியும். லோர்னாவும் அவள் தம்பி டுவைட்டும் தங்கள் பண்ணையிலிருந்து கொண்டுவந்த பாலின் தட்டில் ஒரு வளையமும் இல்லை. வில்லைகளின் விளிம்புவரை கிருமி புல்போல முளைத்திருந்தது. இனி நடப்பவற்றில் பாதி அவர்கள் சொன்னது, பாதி நான் கட்டியது.

(முதல் வரைவில் டுவைட் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டான். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அடித்துவிட்டேன்.)

2

பொன்னிற வைகறையில் பசுக்கள்—

இல்லை. கறவைக்கூடத்தில் ஜன்னலே கிடையாது.

மடிநோய் வந்த பசுவின் பெயர் க்ளாரிஸ். மந்தையின் தலைவி. கதவு திறந்ததும் அவள்தான் முதலில் நுழைவாள். மற்றவை அவள் வாலைப் பார்த்து நடக்கும். அவளிடமிருந்து கழற்றிய கறவை மெஷினின் குவளைகள் அப்படியே அடுத்த பசுவின் காம்புக்குப் போகும். முதலில் நோயாளி, பிறகு ஊரெல்லாம். பல மாதமாக யாருக்கும் உறைக்கவில்லை. க்ளாரிஸ் முதலில் வராத நாளை அந்தப் பண்ணையில் யாரும் பார்த்ததில்லை.

3

டுவைட்டை வில்லனாக்கப் பார்த்தேன். திரிதிரியாக வந்த பால் தெளிந்தவுடன் ஒவ்வொரு முறையும் மருந்தைப் பாதியில் நிறுத்தியவன் அவன்தான். தப்பிய கிருமி மருந்துக்கே பழகிவிட்டது. ஆனால் வீங்கிய மடிக்கு வெந்நீர்த் துணி வைத்து ஒற்றியவனும் அவன்தான். என் வில்லன் கையைவிட்டுப் போனான்.

"அடிமாட்டு லாரிக்குச் சொல்லிடறேன். இவ ஒருத்திக்காக மந்தையையே காவு குடுக்க முடியாது."

"இவளைக் கடைசியா கறந்தா போதும்னு டாக்டர் சொன்னாங்கல்ல, டுவைட்?"

"உன் மகாராணிகிட்டச் சொல்லு. வரிசையில கடைசியா நிக்கட்டும்."

அன்று மாலை லோர்னா க்ளாரிஸைத் தனியே அடைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். ஒரு பசுவும் நகரவில்லை. அடைப்புக்குள் கத்திக்கொண்டிருந்தவளையே எல்லாம் திரும்பிப் பார்த்து நின்றன. டுவைட் தட்டினான், அதட்டினான், கடைசியில் கெஞ்சினான்.

"பாத்தியா? மகாராணி போகாம மந்திரிமாருங்க நகர மாட்டாங்க."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் போனை எடுத்ததும் வந்த வழியே போயிற்று. கன்றாக இருந்தபோது புட்டிப்பால் கொடுத்து க்ளாரிஸை வளர்த்தவள் அவள்.

4

ஒரு முடிவு: புது மருந்து ஒன்று கேட்கிறது. எழுத ஆசைதான். அந்தத் தட்டைப் பார்த்த கண் விடமாட்டேன் என்கிறது.

இன்னொன்று: லாரி வருகிறது. வழக்கம்போல க்ளாரிஸ் முதலில் ஏறுகிறாள். அவள் வாலைப் பார்த்தபடி மற்றவையும்—

வேண்டாம். இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னால் வரமுடிந்தது அன்று மாலை டுவைட் லாரிக்குப் போன் போட்ட இடம்வரைதான். அதன்பின் அவன் என்ன செய்தான் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

"நாளைக்கு அவளையே முதல்ல விடுறேன். மெஷின் மாட்டாம அந்தப் பக்கமா வெளியே அனுப்பிடலாம். மத்ததெல்லாம் முடிஞ்சப்புறம் திரும்பக் கூட்டிட்டு வந்து கறக்குறேன்."

"மத்த மாடுங்க பால்லயும் இதே கிருமி வந்திருந்தா?"

"அது தட்டுல தெரியட்டும். தெரிஞ்சா நானே அவளை லாரியில ஏத்தி விடுறேன்."

டுவைட் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"யாரும் எடுக்கிறதுக்குள்ள வச்சிடேன், டுவைட்."