மூட்டையில் தேடிய சட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரப் பிரிவிலிருந்து வரும் மூட்டைகளை வேறு யாரையும் பிரிக்க விடமாட்டேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கிருந்த ஒரே பிடிவாதம் அது. படுக்கை விரிப்புகளோடு, காயம்பட்டவர்கள் உடம்பிலிருந்து கத்தரித்து எடுத்த சட்டைகளும் சில சமயம் சுருண்டு கிடக்கும். ரத்தமும் வாந்தியுமாக இருக்கும் ஒவ்வொன்றையும் உதறிப் பார்ப்பேன். நான் தேடியது ஒரு நீலச் சட்டையை. மேலிருந்து இரண்டாவது பட்டன் மட்டும் சிவப்பு நூலில் இருக்கும். அன்றைக்குக் கையில் வேறு நூல் இல்லாமல் என் தம்பிக்கு நான் தைத்துக் கொடுத்தது.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். வாரம் முழுக்கக் குடியைத் தொடமாட்டான். சனிக்கிழமை சம்பளம் வந்தால் போதும், மூன்று பாட்டிலை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். அப்படிக் குடித்து இரண்டு முறை இதே அவசரப் பிரிவுக்கு வந்து பிழைத்தான். "மூணாவது தடவை எங்க கையில இல்லம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுதேன், பட்டினி கிடந்தேன், அவன் காலைக்கூடப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் மதுவுக்கு வரி ஏற்றினார்கள். மலிவாகக் கிடைத்த கடும் சரக்குக்குத்தான் விலை ஒரேயடியாக ஏறியது. இஸ்திரி மேசை அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி போடி! குடிக்கிறவன் பொண்டாட்டிய வித்தாவது குடிப்பான். நல்லவேளை, உன் தம்பிக்கு இன்னும் பொண்ணு அமையல."

நானும் சிரித்தேன். வரியை நம்பியிருந்தால்தானே கோபம் வரும்?

அடுத்த ஞாயிறு, ஏழெட்டு மூட்டை இறங்கும் இடத்தில் நான்குதான் இறங்கின. மறுவாரமும் நான்கு. அதற்கடுத்த வாரம் மூன்று.

"மிச்சம் எங்கண்ணே?" என்று வண்டி தள்ளுகிறவரைக் கேட்டேன்.

"அவ்ளோதாம்மா. பாதிக் கட்டில் காலி. நர்ஸம்மா உக்காந்து டீ குடிச்சாங்க, என் கண்ணால பாத்தேன்."

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கோ ஓர் அலுவலகத்தில், முகம் தெரியாத யாரோ ஒரு தாளில் பழைய வரியின் எண்ணை அடித்துவிட்டு வேறோர் எண் எழுதியிருக்கிறார். அவருக்கு என் தம்பியைத் தெரியாது, சிவப்பு நூலைத் தெரியாது. ஈரத் தரையில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த எண் அங்கே எழுதியிருப்பது போல.

பத்து மணி இருக்கும். பின்வாசலில் தம்பி நின்றான், அதே நீலச் சட்டையில். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு அவன் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னடா?"

"கொள்ளைக்காரப் பசங்கக்கா! இந்த வெலைக்கு ஒரு பாட்டிலுக்கு மேல வாங்க முடியல. எழவு, விடிஞ்சதும் முழிப்பு வந்துடுது. எவ்ளோ நேரம்தான் சுவத்தையே பாத்துட்டுக் கெடக்கறது?"

"வந்தவன் சும்மா நிக்காத. உங்கக்காவுக்குக் கை குடு" என்று இஸ்திரி அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

காய்ந்த விரிப்பு ஒன்றின் இரு முனைகளை அவனிடம் தந்தேன். பின்னால் நகர்ந்து பிடித்தான். அவன் கை நடுக்கம் வெள்ளைத் துணி முழுக்கச் சின்னச் சின்ன அலையாக ஓடி வந்து என் விரலைத் தொட்டது.

"இழுத்துப் பிடிடா."

பிடித்தான். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரடி நெருங்கி வந்தான். மூன்றாவது மடிப்பில், அந்தச் சிவப்பு நூல் என் கைக்கெட்டும் தூரத்தில் அவன் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.